முழுப் பேர்

படிவத்தின் முதல் கட்டம்
முழுப் பெயர் கேட்கிறது.
தவமலர் சிரிக்கிறாள்.
"முழுப்பேரு இந்த மாசம் பதிமூணுதான் அக்கா,
மத்ததெல்லாம் அரைப்பேரு."

வெளியூர் ஆளுக்கு இந்தப் பகிடி விளங்காது.
இங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலி.
கொழுந்து நிறை சரிவந்தால் முழுசு.
மழை பிடித்து, அட்டை கடித்து,
கூடை குறைந்தால் அரை.
அந்தியில் கணக்கப்பிள்ளை செக்ரோலைத் திறந்து
சிவப்புப் பேனாவால் நம்மைப் பாதியாக்குவார்.

மஸ்கெலியாவுக்கு மேலே, மூன்றாம் டிவிசன்,
பிள்ளைமடுவத்தில் தொட்டில் ஆட்டுகிறவள் நான்.
எழுத வாசிக்க வரும் என்பதால்
படிவங்களும் என் மடியில்தான் வந்து விழும்.

இது புதுக் காப்புறுதி.
மருந்து, ஸ்கேன், கொழும்புக்கு வேன்,
எல்லாம் தருவார்களாம்
பதிந்த தொழிலாளியின் பிள்ளைக்கு.
பதிந்த தொழிலாளி யார் என்பதைப்
பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வைத்திருக்கிறார்கள்:
வருடத்துக்கு நூற்றெண்பது பேர்.
கைக்காசு நாட்கள் சேராது.
டிசம்பர் முப்பத்தொன்றுக்குப் பிறகு ஏற்கப்படாது.

நிரந்தர முகவரி.
ஆறாம் லயம், தொங்கல் காம்பரா என்று எழுதினேன்.
தபால்காரர் அந்தப் படி ஏறியதே இல்லை.
கடிதமெல்லாம் தோட்ட ஆபீசில்
ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும்.

தகப்பன் பெயர்.
பிள்ளையின் அத்தாட்சிப் பத்திரத்தில் சிவநேசன்,
சிங்களத்தில் அடித்த அடையாள அட்டையில் சிவனேசம்.
ஆள் வெள்ளவத்தையில் கொத்துரொட்டி போடுகிறான்.
எந்தப் பெயரில் கையெழுத்து வைக்க என்று கேட்டதற்கு
"ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா" என்றார் ஆபீஸ் ஐயா.

மகள் ஹர்ஷவி, ஆறு வயது,
கதவு நிலையில் சாய்ந்து நிற்கிறாள்.
அவளுக்கு இழுப்பு.
பனி இறங்கும் மாதங்களில் அந்த நெஞ்சில்
தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே
காற்று நுழைகிற சத்தம்.

செக்ரோல் நகலை வாங்கி எண்ணினேன்.
நூற்று அறுபத்தொன்பது.
விரலில் எச்சில் தொட்டு மறுபடி எண்ணினேன்.
பதினொன்று குறைகிறது.
இரண்டு அரைப்பேரை ஒன்றாக்கலாமா என்றும்
கேட்டுப் பார்த்தேன். கூடாதாம்.

அப்போதுதான் தவமலர்
பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியை எடுத்தாள்.
வருடம் முழுக்க டிக்கோயா ஆஸ்பத்திரி முத்திரை.
செவ்வாய், செவ்வாய், செவ்வாய்,
ஒரு வெள்ளிக்கிழமை, லொறியில் ஏற்றிப் போனது.
இரண்டையும் பாயில் பக்கம் பக்கமாக விரித்தேன்.
கொப்பியில் நீல மை பட்ட நாளெல்லாம்
செக்ரோலில் வெறும் கட்டம்.
பதினான்கு கட்டங்கள்.

நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
தொட்டிலில் யாருடைய பிள்ளையோ சிணுங்கியது.

"இதையும் சேத்து அனுப்பலாந்தானே?"
காரணம் எழுத ஒரு கட்டம் தேடினேன்.
இனம் இருந்தது, மதம் இருந்தது,
வங்கிக் கணக்கு இலக்கம் இருந்தது.
அலுவலகப் பாவனைக்கு மட்டும் என்று
அடியில் ஒன்று, எல்லாவற்றையும்விடப் பெரிதாக,
வெள்ளையாகக் கிடந்தது.
அதில் எழுதினேன்
பதினான்கு திகதிகளையும், ஒன்றன்கீழ் ஒன்றாக.
கடைசியில், "தயவுசெய்து பேர் போடவும்."

திருப்பி அனுப்புவார்கள். தெரியும்.
அந்த டின்னுக்குள்தான் வந்து விழும்.

"அடுத்த கிளினிக் எப்போக்கா?"
கொப்பியைப் புரட்டினேன்.
ஜனவரி, முதல் செவ்வாய்.
புது வருடக் கணக்கு அப்போது தொடங்கியிருக்கும்.

தவமலர் படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.
"அந்த வாரம் பதினாலாம் நம்பர் மலையில
கொழுந்து நல்லா இருக்குங்கிறாங்க" என்றாள்,
என்னிடம் இல்லை,
பிள்ளையிடமும் இல்லை.